காதைத் தைத்தது யார்?

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

போன தை மாதம் பென்னாகரம் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் குதிரை வந்திருந்தது. நான் கால்நடை மருத்துவன் என்று தெரிந்ததும் ஒரு பெரியவர் மெல்லக் கேட்டார்: "ஏங்க டாக்டர், பாவம், ரெண்டு காதையும் நுனியில தைச்சு வச்சிருக்காங்களே, அதுக்கு வலிக்காதா?"

யாரும் தைக்கவில்லை, பிறவியே அப்படி. அது மார்வாரி இனக் குதிரை. ராஜஸ்தானில் ஜோத்பூரைச் சுற்றியுள்ள மார்வார் சீமைதான் அதன் பூர்வீகம். தாம்பூலத் தட்டில் இரண்டு வெற்றிலையை நுனியோடு நுனி சேர்த்து நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படித்தான் அதன் காது. உள்பக்கமாக வளைந்து, முன்னே நிமிர்த்தும்போது நுனிகள் தொட்டுக்கொள்ளும். குஜராத்தின் கத்தியவாரிக் குதிரைக்கும் இதே காதுதான். மணல் புகாமலிருக்க இந்த வளைவு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

நடைதான் எனக்குப் பிடித்தது. அதை ரேவால் என்பார்கள். ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் ஏறக்குறைய சேர்ந்தாற்போல நகரும். முதுகில் இருப்பவர் தூக்கித் தூக்கிப் போடப்பட மாட்டார். பாலைவனத்தில் நாள் முழுக்கச் சவாரி போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். உயரம் 5 அடிக்குச் சற்று முன்பின். கால் நீளம், குளம்பு நல்ல கெட்டி.

அப்புறம் சுழி. மாடு பிடிக்கப் போனால் நாம் சுழி பார்ப்போம் அல்லவா? மார்வாரில் குதிரைக்கும் அப்படியே பார்க்கிறார்கள். கழுத்துச் சுழி யோகம், கண்ணுக்குக் கீழே இருந்தால் ஆகாது. நான்கு காலும் நெற்றியும் வெள்ளை என்றால் பஞ்சகல்யாணி, விலை தனி. அந்தியூர் ஆடிச் சந்தையில் இதற்காகவே குதிரையைச் சுற்றிச் சுற்றி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் பல்லைப் பார்ப்பேன், குளம்பைத் தூக்கிப் பார்ப்பேன். சுழி நொண்டாது.

வெள்ளைக்காரர்கள் காலத்தில் இந்த இனத்துக்கு மதிப்புக் குறைந்தது. ஓசூர் பக்கத்தில் இருக்கும் நம் மத்திகிரிக் கால்நடைப் பண்ணையே முதலில் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்க ஏற்பட்டதுதான். ஆனால் பட்டாளத்தார் தேடியது வேறு இனங்களை. 1930களில் ஜோத்பூர் மகாராஜா உம்மைத் சிங் நல்ல பொலிகுதிரைகளைச் சேர்த்து இனப்பெருக்கம் செய்யாவிட்டால் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது. சுதந்திரத்துக்குப் பிறகு பிரபுக்களின் மானிய நிலங்களான ஜாகீர்கள் போனபோது மறுபடியும் அடி. வைத்துத் தீனி போட ஆளில்லாமல் ஏராளமான குதிரைகள் பொதி சுமக்கப் போயின, சுடப்பட்டும் செத்தன.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். அந்தக் குதிரையின் மூக்கைச் சுற்றித் தோல் இளஞ்சிவப்பு. சந்தையில் நுக்ரா என்பார்கள். வெயில் பட்டால் அந்தத் தோல் வெந்துபோகும், நிழலில்தான் கட்டவேண்டும். பேண்டு செட்டு தொடங்கியதும் ஒரு காது அந்தப் பக்கம் திரும்பியது, மற்றது குதிரைக்காரர் பக்கமே நின்றது. குதிரை இரண்டு காதையும் தனித்தனியாகத் திருப்பும். பயமில்லை, கவனிக்கிறது என்று அர்த்தம். யாரோ சரவெடி கொளுத்தினார்கள். இரண்டு காதும் பின்னால் படிந்து பிடரியோடு ஒட்டிக்கொண்டன. இனி உதைக்கும். மாப்பிள்ளையை இறக்குங்கள் என்று கத்தினேன்.

இறக்கினார்கள். குதிரைக்காரர் மடியிலிருந்து ஊறவைத்த கொள்ளு ஒரு பிடி எடுத்து நீட்டினார். கொள்ளு நம்ம ஊர்ச் சரக்கு. மென்றுகொண்டே காதை மெல்ல நிமிர்த்தியது. நுனி இரண்டும் மறுபடி சேர்ந்தன. பெரியவர் கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு வந்தார். "நூலே இல்லீங்க" என்றார்.