மூடியைத் திறந்து வைத்த ஸ்கேனர்

வணக்கம் மக்களே. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன், முகம் வியர்த்து வழிந்தால் கண்டுகொள்ளாதீர்கள். ஏன் நிறுத்தினேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்தச் செம்பருத்தியைப் பாருங்கள். கறுப்பிலிருந்து எழுந்து வருகிற மாதிரி இருக்கிறது இல்லையா? பார்த்த நண்பர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "என்ன கேமரா?" கேமராவே இல்லை. ஆதார் அட்டையை வைத்து நகல் எடுப்போமே, அந்த ஸ்கேனர்தான். கடையைக் காலி செய்த ஒரு ஜெராக்ஸ்காரரிடம் 800 ரூபாய்க்கு வாங்கியது. பழசு, குண்டு, கனம். அந்தக் குண்டு உடம்பில்தான் விஷயமே இருக்கிறது.

இதற்குள் கண்ணாடிகளும் ஒரு லென்ஸும், ஒளியைப் படிக்கும் சிசிடி வகை சென்சாரும் இருக்கின்றன. அதனால் மேல்கண்ணாடிக்கு மேலே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் தெளிவாகத் தெரியும். பிரிண்டரோடு சேர்ந்து வருகிற ஒல்லி ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிஐஎஸ் என்ற வேறு வகை சென்சார்தான். தாள் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வரை பிரமாதம். கொஞ்சம் தூக்கினால் மங்கல்தான். உங்களிடம் இருப்பது எது என்று தெரியவில்லையா? ஒரு ஸ்கேலின் ஒரு நுனிக்கு அடியில் அழிரப்பரை வைத்து, சாய்வாகக் கண்ணாடியில் கிடத்தி ஸ்கேன் செய்யுங்கள். எந்த எண் வரை படிக்க முடிகிறது என்று பார்த்தால் போதும். ஒல்லி ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். அரச இலைச் சருகு, இறகு, பட்டுப்புடவை முந்தானை எல்லாம் அதில் அழகாக வரும்.

சரி, நான் முதல் நாள் செய்த கூத்தைச் சொல்கிறேன். பூக்கோலம் போடுகிற மாதிரி, கீழே வெற்றிலை பரப்பி, அதன்மேல் கனகாம்பரம், நடுவில் செம்பருத்தி என்று அரை மணி நேரம் அடுக்கினேன். மேலிருந்து பார்க்க அத்தனை அழகு. ஸ்கேன் வந்தது. முழுக்க வெற்றிலையின் முதுகு! ஒரு பூகூடத் தெரியவில்லை. ஸ்கேனர் அடியிலிருந்து அல்லவா பார்க்கிறது.

அப்போதுதான் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் ஞாபகம் வந்தது. அதைக் கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைவார்கள். கோடும் நகையும் முதலில், உடம்பும் உடையும் அப்புறம், பின்னணி வண்ணம் கடைசியில். இடது வலதும் மாறிவிடும். ஸ்கேனரிலும் அதே கணக்குத்தான். முன்னால் வர வேண்டியதை முதலில் கவிழ்த்து வைக்க வேண்டும். இது கைக்குப் பழக எனக்கு இரண்டு வாரம் ஆனது. இப்போதும் கீழே என்ன தெரிகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. பிரிவியூ, அதாவது முன்னோட்ட ஸ்கேன் ஓட்டி, ஒரு இதழை நகர்த்தி, மறுபடி பிரிவியூ. ஒரு படத்துக்குப் பதினைந்து தடவையாவது.

கறுப்புப் பின்னணி எப்படி வந்தது? மூடியைத் திறந்தே விட்டு, இரவில் அறை விளக்கையும் அணைத்துவிட்டேன், அவ்வளவுதான். ஸ்கேனரின் வெளிச்சம் நாலு விரற்கடை தாண்டினாலே வடிந்துபோகும். பகலில் எடுக்க வேண்டுமானால் அட்டைப்பெட்டிக்குள் கறுப்பு வெல்வெட் ஒட்டிக் கவிழ்த்துவிடுங்கள். வெளிச்ச அளவைத் தானாகவே மாற்றும் தானியங்கி எக்ஸ்போஷரை மறக்காமல் அணையுங்கள். இல்லாவிட்டால் அது கறுப்பைச் சாம்பல் நிறமாக்கி வைக்கும்.

செம்பருத்தியில் நடுத்தண்டு நீட்டிக்கொண்டிருக்குமே, அப்படியே கவிழ்த்தால் நசுங்கிவிடும். அதனால் காம்பில் நூல் கட்டி, இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஸ்கேலைப் பாலமாகப் போட்டு, தலைகீழாகத் தொங்கவிட்டேன். தண்டின் நுனி கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். நுனி மட்டும் கூர்மையாக வரும், இதழ்கள் பின்னால் இருட்டில் கரைந்துவிடும். 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளிகள் என்ற கணக்கில் எடுத்ததைப் பெரிதாக்குகிறேன். இந்த மஞ்சள் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு மகரந்தத் துகள். ஏ4 அளவு முழுவதையும் இப்படி எடுத்தால் கிட்டத்தட்ட 14 கோடி பிக்சல், சுருக்காமல் சேமித்தால் 400 எம்பி. கணினி முக்கி முனகும். பெரும்பாலான படங்களுக்கு 600 போதும், அதுவே 3.5 கோடி.

கண்ணாடியில் கீறல் விழாமல் இருக்க மேலே ஓஎச்பி ஷீட் என்கிற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். ஈரப் பூ வேண்டவே வேண்டாம். ஓரத்தில் இறங்கிய ஒரு சொட்டால் என் கண்ணாடி உள்பக்கம் மூன்று நாள் பனி பிடித்துக் கிடந்தது.

கேமரா இல்லாமல் படம் எடுப்பது புதிதல்ல. 1843இலேயே இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் கடல்பாசிகளை ரசாயனம் தடவிய தாளில் வைத்து வெயிலில் காட்டிப் பதிவு செய்தார். நீலத்தில் வெள்ளை உருவம். அவருக்குக் கிடைத்தது நிழல், நமக்கு நிறமும் கிடைக்கிறது.

இப்போது மின்விசிறிக்கு வருகிறேன். ஸ்கேனர் ஒரே நொடியில் படம் பிடிப்பதில்லை. ஓட்டப்பந்தய முடிவுக்கோட்டில் இருக்கிற கேமரா மாதிரி, ஒவ்வொரு கோடாக எடுத்து ஒட்டுகிறது. என் மெஷினில் 1200க்கு இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் பூ ஆடினால் இதழ் அலை அலையாக நெளிந்துவிடும்.

நெளிவதும் சில நேரம் நல்லதுக்குத்தான். சாமிக்குப் பறித்த பூவை நான் எடுத்துவிட்டேன் என்று அம்மாவுக்குக் கோபம். அந்தப் பூவிலிருந்து இறங்கிய ஒரு எறும்பு ஸ்கேன் நடுவில் ஓடியது. சென்சார் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனி வரிசைகளில் படிப்பதால், இதோ பாருங்கள், சிவப்பில் ஓர் எறும்பு, பச்சையில் ஓர் எறும்பு, நீலத்தில் ஓர் எறும்பு, மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கின்றன. உடம்பும் இழுபட்டு இரண்டு மடங்கு நீளம். வேண்டுமென்று செய்து பார்க்கலாம் என்று நேற்று சர்க்கரை வைத்துக் காத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை.