உப்புக்காற்றில் காயும் போட்டோ பேப்பர்: பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

வணக்கம் நண்பர்களே. தங்கச்சிமடத்தில் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். காற்று கொஞ்சம் பலமாகத்தான் அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பேசப்போவது இதோ, இந்தத் தாளைப் பற்றி. இங்க்ஜெட் பிரிண்டரில் போடும் கிளாஸி போட்டோ பேப்பர். இதன் மேல் இருக்கும் பூச்சை எப்படி வடிவமைக்கிறார்கள், நம் கடற்கரைக்கு எப்படி வடிவமைக்க வேண்டும் என்று சொல்லப்போகிறேன்.

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் கடலில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் நனைந்து வருகிறது. கரையில் எடுத்த போட்டோவை வாங்கிக்கொண்டு உடனே வண்டி ஏற வேண்டும். கையில் ஈரம். பத்துப் படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பைக்குள் வைக்கிறார்கள். அந்தப் படங்கள் ஒட்டக்கூடாது, விரல் ரேகை பதியக்கூடாது. ஸ்டூடியோ படம் மாதிரி பளபளவென்றும் இருக்க வேண்டும். ஒரு தாளிடம் இதைவிடக் கடினமான வேலை கேட்க முடியாது.

தாளைச் சோதிக்கும் கூடங்களுக்கு ஐஎஸ்ஓ 187 என்று ஒரு தரம் இருக்கிறது. 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம். அந்தச் சூழலில் தாளைப் பழக்கிவிட்டுத்தான் சோதிப்பார்கள். நம் பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் அந்த 50 சதவீதம் எப்போது வருகிறது? வாடைக்காற்று காலத்தில் துவைத்த துணியே காய மாட்டேன் என்கிறது. அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கரைக்கான தாளை யோசிப்பவர் முதலில் ஈரப்பதத்திலிருந்து தொடங்க வேண்டும். பளபளப்பு அதற்கு அப்புறம்.

சரி, மைக்குள் என்ன இருக்கிறது? சாதாரண டை இங்க்கில், அதாவது சாயம் கரைந்த மையில், பெரும்பங்கு தண்ணீர். கூடவே கிளைக்கால், கிளிசரின் வகைகள் இருக்கும். பிரிண்டர் ஹெட்டின் துளை காய்ந்து அடைத்துவிடாமல் இருக்க அவற்றைச் சேர்க்கிறார்கள். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், கிளைக்காலும் கிளிசரினும் லேசில் போகாது. போகாததோடு, காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மதுரையில் காய்ந்த படம் ராமேஸ்வரத்தில் பிசுபிசுப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த மையை வாங்கிக்கொள்ள இரண்டு வகைப் பூச்சுகள் உண்டு. ஒன்று, ஜெலட்டின் அல்லது பாலிவினைல் ஆல்கஹால் மாதிரியான பாலிமர் படலம். மை பட்டவுடன் படலம் உப்பும், மையை உள்ளே வாங்கிக்கொள்ளும். மேற்பரப்பு கண்ணாடி போல வழவழப்பாக இருப்பதால் பளபளப்பு அருமையாக வரும். சாயத்தைப் படலம் மூடிக்கொள்வதால் நிறமும் நீண்ட நாள் நிற்கும். ஆனால் காய நேரம் பிடிக்கும், தண்ணீர் பட்டால் வழுவழுத்துப் போகும். ஏசி அறையில் ஆல்பம் ஒட்டுபவருக்கு இது நல்ல தாள். அக்னி தீர்த்தக் கரைக்கு ஆகவே ஆகாது.

இன்னொன்று நுண்துளைப் பூச்சு. சிலிக்கா அல்லது அலுமினாத் துகள்களைக் கொஞ்சம் பசையோடு சேர்த்துப் பூசுவார்கள். துகளுக்கும் துகளுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்துக்குள் மை நுண்குழாய் ஈர்ப்பால் இழுக்கப்படும். ஒரு நொடிக்குள் மேற்பரப்பை விட்டு உள்ளே போய்விடும். பூச்சு உப்ப வேண்டியதில்லை, காத்திருக்கவும் வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது இந்த வகைதான்.

ஆனால் துளை நிறைந்த பரப்பு எப்படிப் பளபளக்கும்? இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒளி பட்டுச் சிதறினால் மங்கல், ஒரே திசையில் திரும்பினால் பளபளப்பு. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு மைக்ரான் என்றால் 1000 நானோமீட்டர். துகள் சில மைக்ரான் பருமனில் இருந்தால் ஒளி தாறுமாறாகச் சிதறும், பளபளப்பில்லாத மேட் தாள் கிடைக்கும். துகளும் துளையும் அந்த அலைநீளத்தைவிட நன்றாகச் சிறுத்துவிட்டால் ஒளிக்கு அந்த மேடுபள்ளமே தெரியாது. துளை இருக்கும், ஆனால் பரப்பு வழவழப்பாக நடந்துகொள்ளும். அதனால் துளைகளைச் சில பத்து நானோமீட்டர் அளவில் வைப்பார்கள்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. டை இங்க் மேலே நிற்பதில்லை, பூச்சுக்குள்ளே இறங்கித் தங்குகிறது. பூச்சு வெள்ளையாக மங்கியிருந்தால் அந்த நிறத்தை நாம் திரை போட்டுப் பார்ப்பது போலாகிவிடும். கறுப்பு சாம்பலாகத் தெரியும். துகள் சிறுத்தால் பூச்சு கிட்டத்தட்டக் கண்ணாடி போலாகும், கறுப்பு கறுப்பாகவே நிற்கும். பளபளப்புக்காகச் செய்த வேலை நிறத்தையும் தூக்கிவிடுகிறது.

அப்படியானால் துளையை இன்னும் சின்னதாக்கிக்கொண்டே போகலாமா? கூடாது. லூகாஸ் 1918-லும் வாஷ்பர்ன் 1921-லும் எழுதிய சமன்பாடு இருக்கிறது. நுண்குழாய்க்குள் திரவம் எவ்வளவு தூரம் போகும் என்பது குழாயின் ஆரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. துளை சிறுத்தால் இழுக்கும் அழுத்தம் கூடும், ஆனால் உராய்வு அதைவிடக் கூடிவிடும். மை மெதுவாகத்தான் இறங்கும். தாளை உருளைகளுக்கு நடுவே அழுத்திப் பளபளப்பாக்க நினைத்தாலும் இதே கதிதான். துளைகள் நசுங்கி, காயும் வேகம் போய்விடும்.

எவ்வளவு கனமாகப் பூச வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படத்தின் இருண்ட பகுதியில் பல நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். சதுர மீட்டருக்கு 20 மில்லி மை என்று வைத்துக்கொள்வோம். அதைத் தட்டையாகப் பரப்பினால் 20 மைக்ரான் உயரம் வரும். பூச்சில் 60 சதவீதம் வெற்றிடம் என்றால், 20 மைக்ரான் மையை வாங்கச் சுமார் 33 மைக்ரான் பூச்சு வேண்டும். கொஞ்சம் கூடுதலாக 35 என்று வையுங்கள். இதைக் குறைத்து 15 மைக்ரான் பூசினால் வானமும் முகமும் நன்றாக வரும், கறுப்புத் தலைமுடியும் கரும்பச்சைத் தென்னந்தோப்பும் குளம் கட்டி நிற்கும். விலை மலிவான பாக்கெட்டை எடைபோட நான் முகத்தைப் பார்க்க மாட்டேன், இருட்டுப் பகுதியைத்தான் பார்ப்பேன்.

இனிப் பூசும் பாடு. புகைச் சிலிக்கா என்று ஒரு தூள் இருக்கிறது. அடிப்படைத் துகள் 7 முதல் 40 நானோமீட்டர் வரை. அவை சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு கிளைவிட்டிருக்கும், அந்தக் கிளைகளுக்கு நடுவேதான் நமக்கு வேண்டிய வெற்றிடம். காற்றில் பறக்கிற தூள் இது, கையாளும்போது முகக்கவசம் கட்டாயம். இதோடு பசையாகப் பாலிவினைல் ஆல்கஹால். துகள் 5 பங்குக்குப் பசை 1 பங்கு என்ற கணக்கை ஒட்டி வைக்கலாம். பசை கூடினால் துளையை அடைத்துவிடும், குறைந்தால் பூச்சு மாவாக உதிரும்.

இந்தக் கலவையில் ஐந்தில் நாலு பங்குக்கும் மேல் தண்ணீர்தான். ஈரமாகப் பூசும்போது 150 மைக்ரானுக்கு மேல் இருப்பது காய்ந்ததும் 35-க்கு வந்துவிடுகிறது. கோடையில் வற்றிய கண்மாயின் வண்டல் வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், பூச்சும் அப்படியேதான் வெடிக்கும். இதைத் தடுக்கச் சிறிதளவு போரிக் அமிலமோ வெங்காரமோ சேர்ப்பார்கள். அவற்றில் இருக்கும் போரான் பாலிவினைல் ஆல்கஹாலின் சங்கிலிகளைக் குறுக்கே கோத்துப் பிடிக்கும். வெதுவெதுப்பாகப் பூசி உடனே குளிர்வித்தால் கலவை ஜெல்லியாக உறையும். அப்புறம் மெதுவாகக் காற்று விட்டு உலர்த்தினால் விரிசல் விழாது. கேட்கச் சின்ன விஷயம்தான், ஆனால் நல்ல தாளுக்கும் மோசமான தாளுக்கும் பாதி வித்தியாசம் இந்த உலர்த்தும் நேரத்தில்தான் இருக்கிறது.

அடுத்து, ஈரக்கை. டை மூலக்கூறுகள் எதிர்மின் ஏற்றம் கொண்டவை. சிலிக்காவும் இயல்பில் எதிர்மின் ஏற்றம்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும், அதனால் தண்ணீர் பட்டால் சாயம் ஓடும். நேர்மின் ஏற்றமுள்ள பாலிமரைச் சேர்த்துவிட்டால் சாயத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பாலி-டாட்மாக் என்பது அப்படி ஒன்று. நம் ஊர் சாயப்பட்டறையில் துணிக்கு நிறம் பிடிக்கச் செய்வதும் இதே தத்துவம்தான். அலுமினாவுக்கு இந்த நேர்மின் ஏற்றம் இயல்பிலேயே உண்டு, விலைதான் கூட.

அடித்தாளையும் மறக்கக்கூடாது. வெறும் காகிதத்தின் மேல் பூசினால் நார்கள் தண்ணீரில் உப்பி, தாள் அலையலையாக நெளியும். பளபளப்பு அதோடு போச்சு. அதனால் இரண்டு பக்கமும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் பூசிய ஆர்சி (ரெசின் கோட்டட்) தாளைப் பயன்படுத்துகிறார்கள். டார்க்ரூமில் கழுவிய காலத்துப் போட்டோ பேப்பரிலிருந்து வந்த அடித்தளம் இது. இதற்குள் மை ஒரு சொட்டும் இறங்காது. அதனால்தான் முழு மையையும் பூச்சே வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டோம்.

நுண்துளைத் தாளுக்கு ஒரு பெரிய பலவீனம் இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது சரியில்லை. மை போன வழியில் காற்றும் போகும். காற்றில் இருக்கும் ஓசோன் சாயத்தை அரிக்கும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இது பெரிய விவகாரமே ஆனது. நீண்ட ஆயுள் என்று விற்ற தாளில் போட்ட படங்கள், சிலர் வீட்டில் குறுகிய காலத்திலேயே ஆரஞ்சு நிறமாக மாறிப்போயின. சயான் என்ற நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விட்டது. அதனால் வீட்டில் மாட்டப்போகிற படத்தைத் திறந்தபடி விடாதீர்கள். கண்ணாடி போடுங்கள், அல்லது லேமினேஷன் செய்யுங்கள்.

ஆனால் அவசரப்பட்டு லேமினேஷன் செய்யாதீர்கள். தொட்டால் ஒட்டாத படம் உள்ளேயும் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கிளைக்கால் துளைக்குள்ளேயே இருக்கும். உடனே மூடினால் கண்ணாடியின் உள்பக்கம் மூட்டம் போட்டதுபோல் மங்கும். ஒரு நாளாவது திறந்து வைத்து, மேலே வெள்ளைத் தாள் போட்டு, ஈரத்தை இழுக்க விடுங்கள். ஊருக்குப் போய் மூன்று நாள் கழித்து கண்ணாடி போடச் சொல்லி வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்வது, அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

இப்போது நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை. தூய்மையான சாப்பாட்டு உப்பில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குழைத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். உப்பு முழுதும் கரையக்கூடாது, அடியில் உப்பு நிற்க வேண்டும். அதை ஒரு காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து மூடினால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிலையாக நிற்கும். இது ஆய்வுக்கூடத்திலும் செய்யும் முறை. வாலிநோக்கம் உப்பளத்தில் அள்ளிய கல் உப்பு வேண்டாம், அதில் இருக்கும் மக்னீசியம் கலப்பு ஈரப்பதத்தைக் கீழே இழுத்துவிடும். இந்த டப்பாதான் நம் கடற்கரை. ஐஎஸ்ஓ அறையைவிட இதுதான் நம் தாளுக்குச் சரியான பரிட்சை.

அதற்குள் தாளைப் பழக்கிவிட்டு வெளியே எடுத்து, கறுப்பு, கரும்பச்சை, கருநீலக் கட்டங்களைப் பிரிண்ட் போடுங்கள். வெளியே வந்த அடுத்த நொடியே ஒரு கட்டத்தின் மேல் வெள்ளைத் தாளை வைத்து அழுத்துங்கள், அரை நிமிடத்தில் அடுத்ததன் மேல், பிறகு ஒரு நிமிடத்தில். வெள்ளைத் தாளில் எவ்வளவு நிறம் ஏறுகிறது என்று பாருங்கள். அப்புறம் ஒட்டாத படத்தைத் திரும்ப டப்பாவுக்குள், இரண்டு படங்களை முகத்துக்கு முகம் சேர்த்து, மேலே ஒரு பாரம் வைத்து ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது பிசுக்கென்று சத்தம் கேட்டால் அந்தத் தாள் இந்தக் கரைக்குச் சேராது.

கடையில் வாங்கும்போது எந்த வகை என்று தெரிய வேண்டுமா? ஓரத்தில் ஒரு சொட்டு தண்ணீர் வைத்துத் தேயுங்கள். சளி மாதிரி வழுவழுத்தால் பாலிமர் படலம். உடனே உறிஞ்சிக்கொண்டு விரலுக்கடியில் கீச்சென்று பிடித்தால் நுண்துளைப் பூச்சு. பாக்கெட்டைப் பிரித்தவுடன் மிச்சத் தாளை அதே பிளாஸ்டிக் உறையில் போட்டு மடித்து ஒட்டிவிடுங்கள், மேசை மேல் திறந்து கிடந்தால் ராத்திரியோடு நம் காற்றின் ஈரம் துளைகளில் ஏற ஆரம்பித்துவிடும். அடுத்த வீடியோவில் பிக்மென்ட் இங்க், அதாவது நிறம் கரையாமல் துகளாக மிதக்கும் மை, வேறு மாதிரி ஏன் நடந்துகொள்கிறது, அது பூச்சின் மேலேயே ஏன் நிற்கிறது என்று பேசலாம். போட்டோ எடுக்கும் நண்பர்கள் யாராவது இருந்தால் இந்த உப்பு டப்பாச் சோதனையை மட்டுமாவது அவர்களிடம் சொல்லிவிடுங்கள். வரட்டுமா?