நூலாகத்தான்!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘உணவுத் துறையைத் துருவி ஆராயும் இதழாளரின் உழைப்பு பெரிதும் பயன் தருவது செய்தியாகவா, நூலாகவா?’ என்னும் வழக்கில், நூலாகத்தான் என்று வாதிட வந்திருக்கிறேன்.

கெட்டுப்போன இறைச்சி, நூல் அச்சாகும்வரை காத்திருக்குமா என்று கேட்டு எதிரணித் தலைவர் கைதட்டல் வாங்கினார். காத்திருக்காதுதான். ஆனால் 1904-இல் சிகாகோ இறைச்சிக் கூடங்களுக்குள் தொழிலாளர் உடையில் ஏழு வாரம் தகவல் திரட்டிய அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சின்கிளேரின் எழுத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1905-இல் அது ஒரு சோசலிச வார இதழில் தொடராக வந்தது, வாஷிங்டன் அசையவில்லை. பதிப்பகத்தார் சிகாகோவுக்குத் தாமே ஆளனுப்பிச் சரிபார்த்த பின், 1906 பிப்ரவரியில் அது ‘தி ஜங்கிள்’ என்ற நூலாயிற்று. நாடே கொதித்தது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இருவரை நேரில் அனுப்பி விசாரித்தார். அந்த ஜூன் 30 அன்றே இறைச்சி ஆய்வுச் சட்டத்திலும், தூய உணவு மற்றும் மருந்துச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். அதற்காக ஆண்டுக்கணக்கில் போராடிய வேதியியலாளர் ஹார்வி வைலியின் பங்கை நான் மறுக்கவில்லை. ‘அது நாவல்தானே’ என்று எதிரணி முணுமுணுப்பதும் கேட்கிறது. கதைமாந்தர் கற்பனை, கூடங்களின் அழுக்கு கற்பனையன்று என்பதை ரூஸ்வெல்ட் அனுப்பிய இருவரின் அறிக்கையே சொல்லிற்று.

எதிரணியின் வலுவான சான்று அமெரிக்க இதழாளர் மைக்கேல் மாஸ். ஒரு ஹாம்பர்கர் துண்டின் இறைச்சி நெப்ராஸ்கா, டெக்சாஸ், உருகுவே என்று எங்கெங்கிருந்தோ வந்து கலந்ததை 2009-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் அவர் வெளிக்கொணர்ந்தார். மறு ஆண்டே இதழியலுக்கான புலிட்சர் பரிசும் கிடைத்தது. செய்தியே போதுமென்றால், பரிசு பெற்ற அதே மனிதர் உப்பு, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பற்றி 2013-இல் ஒரு பெருநூல் எழுதுவானேன்? 1999 ஏப்ரலில் மினியாபோலிஸில் பெரும் உணவு நிறுவனங்களின் தலைவர்கள் தனியாகக் கூடியதையும், உடற்பருமன் பெருகுவதில் தங்கள் தயாரிப்புகளுக்குள்ள பங்கை அவர்களுள் ஒருவரே எடுத்துரைத்தும் அது எடுபடாமற்போனதையும் சொல்லித்தான் அந்நூல் தொடங்குகிறது. 14 ஆண்டு பழைய கூட்டத்தை எந்தச் செய்தி ஆசிரியர் முதற்பக்கத்தில் போடுவார்? அந்தக் கூட்டத்தையும், நிறுவனங்களின் உள் ஆவணங்களையும், நாவுக்கு மிக உவப்பான இனிப்பின் அளவைக் கணித்துக் கொடுத்த அறிவியலாளர்களின் பேச்சையும் ஒருசேர வைத்துப் படிக்கும்போதுதான், மிகுதியாக உண்பது உண்பவரின் மனவுறுதிக் குறைவால் மட்டும் நேர்வதன்று என்பது புலப்படுகிறது.

இவ்வளவையும் நாளைய பதிப்புக்குள் எந்தப் பத்தியில் அடக்குவார்கள் என்பதை, நடுவர் அவர்களே, எதிரணியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.