பயணத்துல பாத்த கூடையை வியாபாரமாக்கலாமா? நியாய வணிகத்தின் கணக்கு

[காட்சி: பயணப் பையைத் திறக்கும் கை. துணிகளுக்கு நடுவே ஒரு நாணல் கூடை.]

ஊர் சுத்திட்டு வர்றவங்க பையில இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கும். வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் கையில எடுத்துப் பாத்துட்டு, "எங்க வாங்கினீங்க, எனக்கும் ஒண்ணு கிடைக்குமா?"ன்னு கேப்பாங்க. நாலு பேர் கேட்டதும், இதையே வரவழைச்சு வித்தா என்னன்னு தோணும்.

புது யோசனை இல்ல இது. 1946-ல எட்னா ரூத் பைலர்னு ஒரு அமெரிக்கப் பெண்மணி போர்ட்டோ ரிக்கோவுக்குப் போனாங்க. அங்க இருந்த பெண்கள் அருமையா எம்பிராய்டரி போடுறாங்க, ஆனா வாங்கத்தான் ஆள் இல்ல. அந்தத் துணிகளைக் கொண்டு வந்து, கார் டிக்கியில வெச்சு, தெரிஞ்சவங்ககிட்ட வித்தாங்க. பின்னாடி டென் தவுசண்ட் வில்லேஜஸ்ங்கிற பெரிய நிறுவனமா வளர்ந்தது அதுதான். கடையும் லோகோவும் பிறகு வந்ததுதான். வாங்க ஆள் இருக்கான்னு அந்த டிக்கிதான் முதல்ல சொல்லுச்சு.

[காட்சி: கூடை முடையும் விரல்கள், நெருக்கத்தில்.]

செய்யறவங்களுக்கு நியாயமான கூலி போய்ச் சேர்ற மாதிரி நடத்துற வியாபாரம்தான் நியாய வணிகம். சரி, இதுல நியாயம் எங்க வருது? விலையில.

"ஒரு கூடைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"னு கேட்டா, "5 மணி நேரம்"னு பதில் வரும். அது முடையற நேரம் மட்டும்தான். நாணலை வெட்டினது, காய வெச்சது, ஊற வெச்சுக் கீறினது, சாயம் ஏத்தினது, கடைசியில விளிம்பு கட்டி, நீட்டிட்டு நிக்கிற நுனிகளை நறுக்கினது எதுவும் கணக்குல வராது. ஏன்னா அதுல பாதியை வீட்டுல வேற யாராவது செஞ்சிருப்பாங்க, அவங்களும் அதை வேலைன்னு சொல்ல மாட்டாங்க. விலை பேசுறதுக்கு முன்னாடி பக்கத்துல உக்காந்து, ஒரு கூடை பிறக்கிறதை முழுசா பாருங்க. கையில கடிகாரத்தோட.

எல்லாம் சேத்து 8 மணி நேரம்னு வந்தா, அது ஒரு முழு நாள் கூலி. அந்த ஊர்ல ஒரு குடும்பம் சாப்பாடு, வாடகை, படிப்பு, வைத்தியம் எல்லாம் பாத்துட்டு, கொஞ்சம் மிச்சமும் பிடிக்க ஒரு நாளைக்கு எவ்வளவு வேணுமோ, அதுதான் அந்தக் கூலி. மூலப்பொருள் செலவு தனி. நீங்க பயணியா இருந்தப்ப சந்தையில அடிச்சுப் பேசி வாங்கின விலையை மறந்துடுங்க. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் எதுவுமே விக்காதவங்க குடுத்த விலையா இருக்கலாம் அது.

அடுத்தது முன்பணம். உலக நியாய வணிக அமைப்புக்கு 10 கொள்கைகள் இருக்கு. அதுல ஒண்ணு, கைவினைஞர் கேட்டா ஆர்டர் மதிப்புல குறைஞ்சது 50 சதவீதத்தை வட்டியில்லாம முன்கூட்டியே தரணும்னு சொல்லுது. இல்லாட்டி சாயமும் நூலும் வாங்க அவங்க கடன் வாங்கணும். உங்க ஆர்டருக்கு அவங்க வட்டி கட்டுவாங்க.

முத்திரை விஷயத்துல ஒரு குழப்பம் உண்டு. காபி, கோகோ, வாழைப்பழத்துல பாக்குற ஃபேர்ட்ரேட் முத்திரை பெரும்பாலும் விளைபொருளுக்கானது. உலக நியாய வணிக அமைப்பு அப்படி இல்ல, நிறுவனத்தோட மொத்த நடைமுறையையும் பாக்கும். ஆரம்பத்துல உங்களுக்கு எந்த முத்திரையும் வேணாம். அடுத்தவங்க முத்திரையை எடுத்து ஒட்டாம இருந்தா போதும்.

[காட்சி: திரையில் எண்கள்: 10, 16, 32, 64.]

இந்தக் கணக்கை நிதானமா பாருங்க, எல்லாரும் தடுக்கி விழுற இடம் இது. ஒரு கூடைக்கு முடையறவங்களுக்குக் குடுக்கிறது 10-ன்னு வெச்சுக்கோங்க. பேக்கிங், சரக்குக் கட்டணம், சுங்கவரி, வங்கிக் கட்டணம், சேதம் எல்லாம் ஒரு 6. கைக்கு வரும்போது 16. உங்க உழைப்பும் லாபமும் சேத்து 32-க்கு ஒரு கடைக்குக் குடுத்தா, கடைக்காரர் 64-க்கு விப்பார். அவ்வளவு குடுத்து யார் வாங்குவாங்கன்னு நினைச்சு, நேரடியா விக்கிறதை மட்டும் மனசுல வெச்சு 24-ன்னு விலை போட்டுடறோம். பின்னாடி ஒரு கடை மொத்தமா கேட்டு வரும்போது, அதுல பாதியா 12-க்குத்தான் கேப்பாங்க, உங்களுக்கு ஆனதே 16. குடுக்க இடம் இருக்காது. அப்ப குறைக்க முடியும்னு கண்ணுக்குத் தெரியறது அந்த 10 மட்டும்தான். அதனால கடைகளுக்குக் குடுப்பீங்களா மாட்டீங்களான்னு முதல் நாளே முடிவு பண்ணிடுங்க.

எதைக் கொண்டு வரலாம்ங்கிறதுலயும் கவனம் வேணும். யானைத் தந்தம், கடலாமை ஓடு பக்கமே போகாதீங்க, அழியுற ஆபத்துல இருக்கிற விலங்கு, தாவரங்களோட உலக வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைட்டீஸ் ஒப்பந்தம் இருக்கு. ரோஸ்வுட்னா அனுமதி வேணுமான்னு முதல்ல விசாரிங்க. பீங்கான் மாதிரி சாப்பாட்டுப் பாத்திரம்னா மேல பூசின மெருகுல ஈயம் இருக்கான்னு சோதிக்கணும்.

ஈரம் இன்னொரு எதிரி. நான் கப்பல்ல வரவழைச்ச முதல் பெட்டியைத் திறந்தப்ப கூடையெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சணம். சரியா காயாம கட்டிட்டாங்க, பிளாஸ்டிக் வேற சுத்தி. தப்பு என்னோடதுதான். அவசரப்படுத்தினது நான். இப்பல்லாம் காய வைக்கிற நாளையும் சேத்துத்தான் தேதி கேக்குறேன். ஒரே மாதிரி ரெண்டு சாம்பிள் செஞ்சு, ஒண்ணு அவங்ககிட்ட, ஒண்ணு என்கிட்ட. அளவுல தகராறு வந்தா ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துக்கலாம்.

[காட்சி: ஆற்றோரம், வெட்டிக் கட்டிய நாணல் கட்டுகள்.]

முதல் ஆர்டர் சின்னதாவே இருக்கட்டும். ஆனா பணம் குடுக்கும்போதே ரெண்டாவது ஆர்டர் எந்த மாசம்னு சொல்லிடுங்க. நாணல் எப்பவும் கிடைக்காது. தேதி தெரிஞ்சா, பருவத்துலயே வெட்டிக் காய வெச்சுடுவாங்க.