படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு அலசாத குளியல்

[காட்சி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக் கூடம். ஜன்னலோரம் கட்டில், பக்கத்தில் ஸ்டூல், அதன்மேல் பேசின்.]

கடலூர், புதுச்சேரி பக்கம் அடிக்கற கடலோரப் புழுக்கத்துல ஒருநாள் குளிக்கலைன்னாலே உடம்பு பிசுபிசுங்குது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவங்க, இடுப்பு எலும்பு முறிஞ்சு படுத்திருக்கறவங்க என்ன செய்வாங்க? வழுக்கற பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போறது அவங்களுக்கும் ஆபத்து, தூக்கறவங்க முதுகுக்கும் ஆபத்து. கட்டில்லயே துடைச்சு முடிக்கற குளியலைத்தான் இப்ப பாக்கப் போறோம்.

சாதா சோப்பை ஈரத்துணியில தேச்சுத் துடைச்சா போதாதான்னு கேப்பாங்க. போதாது. சோப்போட பிஎச், அதாவது அமில-கார அளவு, 9, 10 வரைக்கும் போகும். நம்ம தோல் 5.5 பக்கத்துல இருக்கு. நல்லா அலசலைன்னா சோப்பு தோல்லயே தங்கி, வறண்டு, அரிப்பெடுக்கும். அலசத் தேவையில்லைன்னு போட்டு விக்கற திரவத்தோட செய்முறையே வேற. பாட்டில்ல சொன்ன அளவு வெந்நீர்ல கலந்து, துணியை நனைச்சுப் பிழிஞ்சு துடைக்கணும், அவ்வளவுதான். கூடவே ஒரு மூடி கிருமிநாசினி ஊத்தினாத்தான் குளிச்ச திருப்தின்னு சில வீடுகள்ல பிடிவாதம் பண்ணுவாங்க. தயவுசெஞ்சு வேண்டாம்.

[காட்சி: பெட் பாத் வைப்ஸ் பாக்கெட், வெந்நீர்ப் பாத்திரம்.]

அடுத்தது பெட் பாத் வைப்ஸ். பெரிய, கெட்டியான ஈரத்துணிங்க. முகத்துக்கு ஒண்ணு, கைக்கு ஒண்ணுன்னு மாத்திக்கலாம். பாக்கெட்டைப் பிரிக்காம கொஞ்ச நேரம் வெந்நீர்ல போட்டு வெச்சா இதமா இருக்கும். உங்க முன்கையில வெச்சு சூடு பாருங்க. தலைக்கு ஷாம்பு கேப், அதாவது உள்ளே ஷாம்பு தடவின தொப்பி இருக்கு: மாட்டி, ரெண்டு மூணு நிமிஷம் பிசைஞ்சு, துண்டால துடைச்சிடலாம். விண்வெளி வீரர்கள் போடற அலசாத ஷாம்புவே முதல்ல எழுந்து குளிக்க முடியாத ஆஸ்பத்திரி நோயாளிகளுக்காக வந்ததுதான். ஆனா தேங்காயெண்ணெய் வழிய வாரின தலைக்கு ஒரு கேப் பத்தாது.

இப்ப துடைக்கற முறை. எதை வாங்கினீங்கங்கறதை விட இதுதான் முக்கியம்.

ஃபேனை நிறுத்துங்க, கதவைச் சாத்துங்க. “அம்மா, இப்ப இடது கையைத் துடைக்கப் போறேன்”னு சொல்லிட்டுத் தொடுங்க. துடைக்கற இடத்தை மட்டும் திறந்து, மத்ததைப் போர்த்தி வைங்க. கண்ணுக்கு வெறும் தண்ணி, மூக்குப் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா. அப்புறம் முகம், கழுத்து, கை, மார்பு, வயிறு, கால், முதுகு. மறைவிடம் கடைசி, பெண்களுக்கு முன்னாலிருந்து பின்னால, திருப்பி இழுக்கக் கூடாது. அவங்க கை வேலை செஞ்சா அந்தத் துணியை அவங்க கையிலயே கொடுத்துடுங்க. மகன் துடைச்சுவிடற வீடுகள்ல அம்மாவோட பாதிக் கூச்சம் இதுலயே போயிடும்.

விழுந்த கை இருக்கறவங்களுக்கு நைட்டியோ சட்டையோ கழட்டும்போது நல்ல கை முதல்ல. மாட்டும்போது விழுந்த கை முதல்ல. தோள்பட்டை வலி மிச்சம்.

அலச வேண்டாம்னா உலர்த்தவும் வேண்டாம்னு அர்த்தமில்லை. நம்ம ஊர் ஈரக்காத்துல தானா காயட்டும்னு விட்டா அக்குள், மார்புக்குக் கீழ, தொடையிடுக்கு, கால்விரல் இடுக்குல படை வந்துடும். மெல்லிசான துண்டால ஒத்தி ஒத்தி எடுங்க. ஈரத்துமேல பவுடர் கொட்டினா உருண்டை உருண்டையா திரண்டு உறுத்தும்.

[காட்சி: குதிகாலை விரலால் அழுத்திப் பார்க்கும் கை.]

முதுகைத் திருப்பற நேரம்தான் தோலைப் பாக்கற நேரம். முதுகுத்தண்டு முடியற இடம், இடுப்பு ஓரம், குதிகால். எங்கயாவது சிவந்திருந்தா விரலால அழுத்துங்க. எடுத்த பிறகும் வெளுக்காம சிவப்பாவே நின்னா படுக்கைப் புண் ஆரம்பிக்குது. மாநிறமா இருக்கறவங்களுக்கு அது கருத்தோ, சூடாவோ, கெட்டியாவோ தெரியலாம். அங்க தேய்க்காதீங்க, அந்தப் பக்கம் பாரம் விழாம படுக்க வைங்க, டாக்டர்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ காட்டுங்க.

தினமும் வைப்ஸ் வாங்கினா செலவு தாங்காது. பேசின் முறையை வழக்கமா வெச்சுக்கிட்டு, ரெண்டு பாக்கெட்டை மழைக்காலத்துக்குன்னு எடுத்து வைங்க. 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்போ கடலூர்ல நாள்கணக்கா கரண்ட் இல்லை. கரண்ட் இல்லைன்னா மோட்டார் இல்லை, தொட்டியில தண்ணி இல்லை. காலாவதி தேதியைப் பாத்து வாங்குங்க. பிரிச்ச பாக்கெட்டை இறுக்கி ஒட்டுங்க. துடைச்சதைக் குப்பையில போடுங்க, டாய்லெட்ல போட்டா குழாய் அடைச்சுக்கும்.