மைனர் பக்கத்தை முதலில் திறங்கள்: வணிகச் சட்டத் திறந்த பாடநூல் பற்றி ஒரு சந்தேகம்

வணக்கம். இந்த வாரம் வந்த சந்தேகங்களில் ஒன்று மூன்று நாளாக என் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கேட்ட அம்மா கீழக்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார், சொல்லவில்லை. கேள்வியை அப்படியே படிக்கிறேன்.

"சார், முதலாண்டு பி.காம். பிள்ளைகளுக்கு வணிகச் சட்டம் எடுக்கிறேன். பாதிப் பேரால் புத்தகம் வாங்க முடியவில்லை. அமெரிக்கப் பேராசிரியர்கள் எழுதிய திறந்த பாடநூல் ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அறுநூறு பக்கத்துக்கு மேல், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். இதையே பாடநூலாக வைக்கலாமா என்று பார்த்து ஒரு பக்க அறிக்கை கொடு என்கிறார் துறைத் தலைவர். நான் எதைப் பார்க்க வேண்டும்?"

தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். சிரிக்கிறீர்கள். ஆமாம், மைனர் பக்கம்தான். எந்த வணிகச் சட்டப் புத்தகம் கைக்கு வந்தாலும் முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் அப்புறம். பதினெட்டு வயசு ஆகாதவனோடு போட்ட ஒப்பந்தம் பற்றி என்ன எழுதியிருக்கிறது? நேராக அங்கே போங்கள்.

அமெரிக்கப் புத்தகத்தில், மைனர் விரும்பினால் ஒப்பந்தம் நிற்கும், வேண்டாம் என்றால் அவன் கழற்றிக்கொள்ளலாம் என்று இருக்கும். அங்கே அது சரி. இங்கே 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 11. கல்கத்தாவில் ஒரு மைனர் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது, அன்றைக்கு நமக்கு அதுதான் கடைசி மேல்முறையீட்டு மன்றம். மோகரி பீபி வழக்கு, 1903. மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒப்பந்தம் பிறக்கவே இல்லை. பதினெட்டு முடிந்த மறுநாள் "அன்றைக்குப் போட்டதை ஒத்துக்கொள்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டாலும் அதற்கு உயிர் வராது. அமெரிக்காவில் வரும்.

நம் பிள்ளை அந்தப் புத்தகத்தை நம்பித் தேர்வெழுதினால் மதிப்பெண் போகும். அது போனால் போகட்டும். இந்தப் பிள்ளைகளில் பாதி நாளைக்குக் கடையிலோ கம்பெனியிலோ கணக்கு எழுதப் போகிறவர்கள். பதினேழு வயசுப் பையன் பெயரில் வல்லத்துக்கு எஞ்சின் கடன் எழுத வரும்போது "அவன் வேண்டாம் என்று சொன்னால்தானே பிரச்சினை" என்று நினைத்துக்கொண்டு எழுதிவிடுவார்கள். பணம் கடலில் போட்ட மாதிரிதான்.

இதில் அந்தப் புத்தகத்தின் மேல் தப்பே இல்லை. நியூட்டன் விதி நம் மண்டபம் ஊரிலும் அதேதான், அமெரிக்காவிலும் அதேதான். சட்டத்துக்குக் கரை உண்டு. ஒரு கரையில் சரியாக இருப்பது அடுத்த கரையில் தப்பு. இதை நான் எத்தனையாவது தடவை சொல்கிறேன் என்று யாராவது எண்ணிக்கொண்டிருப்பீர்கள், எண்ணுங்கள்.

வெளிநாட்டில் திறந்த பாடநூல்களை மதிப்பிடப் பத்துக் கேள்விகள் வைத்திருக்கிறார்கள். பாடம் முழுமையாக இருக்கிறதா, சரியாக இருக்கிறதா, சீக்கிரம் பழசாகிவிடுமா, நடை தெளிவா, ஒரே சொல்லை ஒரே பொருளில் ஆளுகிறதா, பிரித்துப் பிரித்து நடத்த முடியுமா, வரிசை, திரையில் படிக்கிற வசதி, எழுத்துப்பிழை, பண்பாட்டுப் பொருத்தம். எழுத்துப்பிழை, வரிசை, திரை இதற்கெல்லாம் ஒரு பத்து நிமிஷம் போதும் அம்மா. பாம்பன் பாலம் தாண்டி வரும் பிள்ளையின் கைபேசியில் ஒரு அத்தியாயம் தனியாக இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். அறுநூறு பக்கத்தையும் ஒரே கோப்பாக இறக்கச் சொன்னால் யாரும் இறக்க மாட்டார்கள்.

பழசாவது பற்றி என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடத்துகிறேன். என் கையில் பத்து வருஷக் குறிப்பு நோட்டு. "மாவட்ட மன்றம், இருபது லட்சம் வரைக்கும்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டேன், அதாவது அவ்வளவு தொகை வரைக்குமான நுகர்வோர் புகாரை மாவட்ட மன்றம் விசாரிக்கும் என்று. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், இப்போ அது மன்றம் இல்லை, ஆணையம். எங்க அப்பா ஃப்ரிட்ஜுக்குக் கேஸ் போட்டிருக்கார்." 1986ஆம் வருஷத்துச் சட்டம் போய் 2019 சட்டம் வந்து, 2020 ஜூலையில் அமலுக்கும் வந்துவிட்டது. நான் பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். புதுச் சட்டத்தில் மாவட்ட ஆணையத்துக்கு ஒரு கோடி வரைக்கும் என்று இருந்ததை, 2021 டிசம்பர் கடைசியில் விதி போட்டு ஐம்பது லட்சமாக்கினார்கள். இருபது லட்சம், ஒரு கோடி, ஐம்பது லட்சம். இரண்டு வருஷம் தூங்கினால் மூன்று எண்ணில் எது சரி என்று தெரியாது. அதனால் மைனர் பக்கத்துக்கு அடுத்தபடி நுகர்வோர் பக்கத்தைத் திறங்கள். இந்தியப் புத்தகமாக இருந்தாலும் திறங்கள். விலை கொடுத்து வாங்கும் கைடுகளிலேயே பழைய எண் அப்படியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பண்பாட்டுப் பொருத்தம். இதை எல்லாரும் பெயர் மாற்றுகிற வேலை என்று நினைக்கிறார்கள். ஜான் என்று இருந்தால் ஜாகிர் என்று போட்டுவிடுவது, டாலரை ரூபாயாக்குவது. இதே கேள்வியின் அடியில் அந்த அம்மா ஒரு வரி சேர்த்திருக்கிறார், அந்தப் புத்தகத்தில் பனி அள்ளும் இயந்திரம் வாங்குகிற உதாரணம் வருகிறதாம். நம் பிள்ளைகள் பனிவாடை என்றால் புரிந்துகொள்வார்கள், பனியை அள்ளுவதை எங்கே பார்த்தார்கள்! ஆனால் இயந்திரத்தை மாற்றிவிட்டால் வேலை முடிந்ததா என்றால், இல்லை. அடியில் சட்டம் இருக்கிறது.

விடியற்காலை பாம்பன் இறங்குதளத்துக்கு வாருங்கள். இறால் கூடை வரிசையாக இருக்கும், ஐஸ் தண்ணீர் காலடியில் ஓடும், சுற்றி வியாபாரிகள். ஏலம் விடுகிறவர் "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்றால் முடிந்தது. அறுபதாயிரம் ரூபாய்ச் சரக்கு, ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் ஐந்நூறு டாலருக்கோ அதற்கு மேலோ சரக்கு விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். சரக்கைக் கொடுத்து வாங்கியாகிவிட்டால் விதிவிலக்கு உண்டு, ஆனாலும் அடிப்படை விதி அது. அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு நம் பிள்ளை இறங்குதளத்துக்கு வந்தால், இங்கே நடப்பது எதுவும் ஒப்பந்தமே இல்லை என்று நினைப்பான். நம் சட்டத்தில் சரக்கு விற்பனைக்கு வாய்ச்சொல்லே போதும். 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 64, சுத்தியல் அடித்தோ வழக்கமான வேறு முறையிலோ ஏலம் முடியலாம் என்கிறது. அந்த வழக்கமான வேறு முறைதான் நம்முடைய மூணு தரம். அதுவரைக்கும் கேட்டவர் பின்வாங்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. "ரெண்டு தரம்" என்ற பிறகு கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நைசாக நகர்கிற வியாபாரியைப் பார்த்திருக்கிறீர்களா? அவர் சட்டம் படிக்காமலே பிரிவு 64 தெரிந்தவர்.

இன்னொன்று, பங்கு. படகில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. டீசல், ஐஸ், சாப்பாடு கழித்து மிச்சத்தில் பங்கு. என் வகுப்பில் ஒரு மீனவர் மகள் கேட்டாள், "லாபத்தில் பங்கு வாங்குகிற எங்க அப்பா கூட்டாளியா சார்? அப்போ படகு நஷ்டத்துக்கும் அவர் பொறுப்பா?" முப்பது வருஷத்தில் எனக்கு வந்த மிகச் சிறந்த கேள்வி அது. 1932 கூட்டாண்மைச் சட்டம் பிரிவு 6இல் பதில் இருக்கிறது. வேலைக்கு ஊதியமாக லாபத்தில் பங்கு வாங்குவதால் மட்டும் ஒருவர் கூட்டாளி ஆகிவிட மாட்டார். அவர்களுக்குள் உண்மையான உறவு என்ன என்று பார்க்க வேண்டும். வலை யாருடையது, செலவுக்குப் பணம் போட்டது யார், கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது யார்? அன்றைக்கு முழுப் பாடவேளையும் அதிலேயே போனது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்து, சட்டவிரோத நோக்கம் உள்ள ஒப்பந்தம் செல்லாது, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23. இதற்குப் பெரும்பாலான புத்தகத்தில் கள்ளக்கடத்தல் என்று மொட்டையாக ஒரு வரி இருக்கும். நம் கரையில் அதற்கு உதாரணம் தேடவே வேண்டாம். கடல் அட்டை. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், பிடிப்பதே குற்றம். அட்டை பிடித்துத் தருகிறேன் என்று முன்பணம் வாங்கியவன் தராமல் ஏமாற்றினால், கொடுத்தவன் எந்த நீதிமன்றத்தில் போய் நிற்பான்? போனால் அவன் மேல்தான் முதலில் வழக்கு வரும். இதை ஒரு தடவை சொன்னால் போதும், பிரிவு 23 ஜென்மத்துக்கும் மறக்காது.

இப்போது அந்த அம்மா கேட்காத கேள்விக்கு வருகிறேன். உண்மையில் அவர் கேட்டிருக்க வேண்டியது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் புத்தகம் நன்றாக இருக்கிறதா என்பதை விட, இதை வெட்டி ஒட்ட எனக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இலவசம் வேறு, திறந்தது வேறு. கோவில் அன்னதானம் இலவசம், ஆனால் சமையலறைக்குள் போய் நீங்கள் உப்புப் போட முடியாது. திறந்த பாடநூல் என்றால் சமையலறையும் திறந்திருக்க வேண்டும்.

அது உரிமத்தில் தெரியும். முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ கிரியேட்டிவ் காமன்ஸ் என்று போட்டு இரண்டிரண்டு எழுத்தாக இருக்கும். பி.ஒய். என்றால் எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றியிருந்தால் மாற்றினேன் என்று சொல்ல வேண்டும். என்.சி. என்றால் வியாபாரம் கூடாது. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்காரர் அதைப் புத்தகமாகக் கட்டி லாபத்துக்கு விற்றால் சிக்கல். எஸ்.ஏ. என்றால் நீங்கள் மாற்றியதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். என்.டி. என்று இருந்தால் மூடி வைத்துவிடுங்கள், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்க முடியாது. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான், தமிழில் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் முடியாது.

மாற்ற உரிமை இருந்தால் அந்த அறுநூறு பக்கத்தில் எதை எடுப்பீர்கள்? ஒப்பந்தம் என்றால் என்ன, முனைவு (ஒருவர் முன்வைப்பது), ஏற்பு (மற்றவர் அதை ஒத்துக்கொள்வது), வணிக நெறி, வழக்கை எப்படிப் படிப்பது, இவற்றை விளக்கும் விதத்தை எடுக்கலாம், பயிற்சிக் கேள்விகளின் அமைப்பையும் எடுக்கலாம். அமெரிக்க நீதிமன்ற அமைப்பு, ஜூரி, மாநிலச் சட்டங்கள் எல்லாம் வெளியே. அந்த இடத்தில் நம் சட்டத்தை வையுங்கள். சட்ட வாசகம் இந்தியா கோட் என்ற அரசுத் தளத்தில் காசில்லாமல் இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52, உங்கள் விளக்கத்தோடு சேர்த்துச் சட்டத்தை அச்சிட அனுமதிக்கிறது. தீர்ப்புகளையும், நீதிமன்றம் தடுக்காத வரைக்கும், போடலாம்.

மறுபயன், அதாவது ஒருவர் கொடுக்கும் வாக்குக்கு ஈடாகக் கிடைப்பது, அந்தப் பாடத்தில் சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கைப் போடுங்கள். சென்னை உயர்நீதிமன்றம், 1882. தாய் மகளுக்கு நிலம் எழுதிக்கொடுக்கிறார், தன் உடன்பிறந்தவருக்கு வருஷாவருஷம் பணம் தர வேண்டும் என்று சொல்லி. மகள் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டுத் தரவில்லை. பணம் கேட்டவர் கையிலிருந்து மகளுக்கு ஒன்றும் போகவில்லையே என்றால், நம் சட்டத்தில் மறுபயன் வேறொருவரிடமிருந்தும் வரலாம், தாய் கொடுத்த நிலமே போதும் என்றது தீர்ப்பு. அமெரிக்கப் புத்தகத்தில் இது வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை. அப்புறம், மறுபயனா பிரதிபலனா என்று ஒரு சொல்லை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பத்திரம் எழுதுகிறவர் பிரதிபலன் என்பார், தமிழ்ப் புத்தகம் மறுபயன் என்கிறது. ஒரே அத்தியாயத்தில் இரண்டும் வந்தால் பிள்ளைகள் இரண்டு விஷயம் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்குப் பிரதிபலன்தான் பிடிக்கும், வீட்டுப் பத்திரத்தில் பார்த்த சொல்.

அதனால் அறிக்கையில், "அப்படியே வைக்க முடியாது. உரிமம் அனுமதித்தால் ஒப்பந்த அத்தியாயத்தை மட்டும் இந்தியச் சட்டத்துக்கு மாற்றி இந்தப் பருவத்தில் நடத்திப் பார்க்கலாம்" என்று எழுதுங்கள். அறுநூறு பக்கத்தையும் ஒரே மூச்சில் மாற்றக் கிளம்பினால் எதுவும் நடக்காது. ஒரு அத்தியாயம். நானும் கூட இருக்கிறேன், கண் சரியாக இருக்கிற வரைக்கும்.

பார்க்கிறவர்களிடம் ஒரு உதவி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். அந்த நேரத்தில் வீட்டில் கிடக்கும் பழைய துண்டுச் சீட்டு, முன்பணச் சீட்டு, கணக்கு நோட்டு இருந்தால், பெயரை மறைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். ஒரு பாம்பன்காரர் ஏற்கெனவே ஒன்று கொடுத்துவிட்டார், இதோ. சிகரெட் அட்டையைப் பிரித்து உள்பக்கம் எழுதியது. "நாற்பதாயிரம் வாங்கினேன். மீன் உமக்கே." கீழே கையெழுத்து. தேதி இல்லை. எத்தனை நாளைக்கு மீன், என்ன மீன், என்ன விலைக்கு, ஒன்றும் இல்லை. அர்த்தம் நிச்சயமில்லாத ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டம் பிரிவு 29 சொல்கிறது. ஆனால் எழுதியவருக்கும் பணம் கொடுத்தவருக்கும் அதில் ஒரு சந்தேகமும் இல்லை, ஏழு வருஷமாகக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஏழு வருஷப் பழக்கத்தை வைத்து அர்த்தத்தை நிச்சயப்படுத்த முடியுமா? அம்மா, திங்கட்கிழமை வகுப்பில் இந்தச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.