ஆல்வோர்ட் பாலைவனத்தில் மூன்று இரவு: காசு கட்டாமல் கூடாரம் போடுவது எப்படி

வணக்கம் நண்பர்களே. என் பேச்சு அப்புறம், முதலில் இதைப் பாருங்கள். கேமராவை மேற்குப் பக்கம் திருப்புகிறேன். அதோ நிற்பது ஸ்டீன்ஸ் மலை. சூரியன் அதன் முகட்டைத் தொடப் போகிறது. இப்போது தரையைப் பாருங்கள், மலையின் நிழல் ஒரு கோடாக நம்மை நோக்கி வருகிறது. என் காரைத் தொட இன்னும் ஒரு நிமிஷம்தான். தொட்டதும் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொள்வேன், அவ்வளவு சட்டென்று குளிர் இறங்கும். மத்தியானம் 29 டிகிரி. நேற்று விடியற்காலை 4 டிகிரி.

வந்துவிட்டது. சரி, உட்கார்ந்து பேசலாம்.

இது அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் தென்கிழக்கு மூலை. ஆல்வோர்ட் பாலைவனம். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில் இருப்பதால் இந்தப் பக்கத்தை ஹை டெசர்ட் என்கிறார்கள். மேற்கிலிருந்து வரும் மழை மேகத்தையெல்லாம் 9,733 அடி ஸ்டீன்ஸ் மலை தடுத்துப் பிழிந்துவிடுகிறது. இந்தப் பக்கம் வருஷத்துக்கு ஏழு அங்குல மழை கிடைத்தாலே பெரிது. பனியுகத்தில் இங்கே பெரிய ஏரி இருந்தது. அந்த ஏரியின் வறண்ட அடித்தரையில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். நீளம் 12 மைல், அகலம் 7 மைல், நடுவில் ஒரு புல் கிடையாது. இதற்கு ப்ளாயா என்று பெயர்.

கோடையில் கண்மாய் வற்றித் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, அதே தரைதான். கிட்டே காட்டுகிறேன். ஒவ்வொரு பாளமும் உள்ளங்கை அகலம். ஓரம் அப்பளம் பொரிந்த மாதிரி மேலே சுருண்டிருக்கிறது. விரலால் தொட்டால் உடைந்து மாவாகிவிடும். இந்த மாவு காரத்தன்மை உள்ளது. இரண்டு நாள் செருப்பில்லாமல் நடந்தால் குதிகால் வெடித்து எரியும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து காலைக் கழுவினால் சரியாகிறது, அதற்கென்றே ஒரு சின்ன பாட்டில் வைத்திருக்கிறேன்.

போன வீடியோவின் கீழே பலரும் கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, யாரிடம் அனுமதி வாங்கினீர்கள், எவ்வளவு கட்டினீர்கள்?" யாரிடமும் வாங்கவில்லை, ஒன்றும் கட்டவில்லை. இது மத்திய அரசின் பொது நிலம். பியூரோ ஆஃப் லேண்ட் மேனேஜ்மென்ட், சுருக்கமாக பி.எல்.எம். என்ற துறை 1946 முதல் இப்படிப்பட்ட நிலங்களைப் பார்த்துக்கொள்கிறது. மொத்தம் சுமார் 24.5 கோடி ஏக்கர். நம் தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்குக்கு மேல். தடை போட்ட இடங்களைத் தவிர மற்ற இடங்களில் கூடாரம் போடலாம். பொதுவான கணக்கு 28 நாளுக்குள் 14 நாள், அதற்குமேல் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. இதைத்தான் டிஸ்பெர்ஸ்டு கேம்பிங் என்கிறார்கள். அவரவர் தள்ளித் தள்ளி, தனித்தனியாகத் தங்குவது. குழாய், கழிவறை, குப்பைத்தொட்டி, விளக்கு, காவலாள் எதுவும் கிடையாது.

நம் ஊர்க் கணக்கில் இது புறம்போக்கு. அந்தச் சொல்லை வசவாக்கிவிட்டோம், எனக்கு அதில் வருத்தம் உண்டு. பட்டா கொடுக்காமல், வரி போடாமல், மேய்ச்சலுக்கும் மந்தைக்கும் ஏரிக்கும் என்று ஊர்ப் பொதுவில் விட்ட நிலம் அது. இங்கேயும் பி.எல்.எம். நிலத்தில் அனுமதி வாங்கி மாடு மேய்க்கிறார்கள். அரசாங்கத்துக்கும் பண்ணைக்காரர்களுக்கும் முன்னால் இது வடக்குப் பையூட் பழங்குடி மக்களின் பூமி. அவர்கள் இன்றும் பர்ன்ஸ் ஊர்ப் பக்கம் வாழ்கிறார்கள். ஆளில்லாத இடம் என்று நினைத்து இங்கே வராதீர்கள்.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். மே மாதம் வந்தேன். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் இந்தத் தரையில் தண்ணீர் நிற்கும். மேலே காய்ந்து வெளுத்திருந்தது, அதை நம்பிக் காரை இறக்கினேன். நூறடி போவதற்குள் முன்சக்கரம் இரண்டும் அச்சு வரை புதைந்துவிட்டன. அடியில் வழுவழுவென்று களி. நாலு மணி நேரம் கழித்து ஒரு பண்ணைக்காரர் அந்த வழியாக வந்தார். சங்கிலி போட்டு இழுத்துவிட்டார். பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை. என் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து, "இந்தப் பள்ளத்தை மூடிவிட்டுப் போங்கள்" என்றார். இருட்டும்வரை மூடினேன். இந்தத் தடவை வந்ததும் முதல் வேலையாக அந்த இடத்தைத் தேடிப் போனேன். சக்கரம் போன தடம் இன்னும் தெரிகிறது. ஒரு குளிர்காலத் தண்ணீர் நின்று வற்றிய பிறகும் தெரிகிறது.

அதனால் இப்போது முதலில் இறங்கி நடக்கிறேன். தரை கறுத்துத் தெரிந்தாலோ, குதிகால் லேசாக அமுங்கினாலோ காரை ஓரத்துச் சரளையிலேயே நிறுத்திவிடுவேன். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்தான் நல்ல சமயம். அப்போதும் மழை பெய்தால் காய்கிறவரை உள்ளே இறங்கக் கூடாது.

காய்ந்த தரை எவ்வளவு கெட்டி, எவ்வளவு சமம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 1976இல் கிட்டி ஓ'நீல் என்ற பெண், காது கேளாதவர், இதே தரையில் ராக்கெட் வண்டியை மணிக்கு 512 மைல் வேகத்தில் ஓட்டினார். அந்தச் சாதனையை முறியடிக்க 2019இல் இங்கே வந்த ஜெஸ்ஸி கோம்ப்ஸ் அந்த ஓட்டத்திலேயே உயிரிழந்தார். பெண்களின் தரைவேகச் சாதனை பின்னர் அவர் பெயருக்கே வந்தது. அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

சரி, கூடாரம். களிமண் காய்ந்தால் சிமெண்ட் மாதிரி, முளை இறங்காது, இறங்கினால் எடுக்க வராது. மலையிலிருந்து காற்று கீழே பாயும்போது கூடாரம் பறந்துவிடும். காரை மலைப் பக்கம் குறுக்கே நிறுத்தி, இரண்டு கயிற்றைச் சக்கரத்திலும் மற்ற இரண்டைத் தண்ணீர்க் கேன்களிலும் கட்டுகிறேன். இருபது லிட்டர் கேன் நல்ல முளை.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க நாலு லிட்டர். மூன்று நாளுக்கு 12 போதும், நான் நாற்பது கொண்டுவந்தேன். பர்ன்ஸ் ஊரிலிருந்து நூறு மைலுக்கு மேல் தள்ளி ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் பெட்ரோல் உண்டு. அங்கே மில்க்‌ஷேக் பிரமாதம், விட்டுவிடாதீர்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும், சின்ன குக்கர் எடுத்து வாருங்கள்.

போனில் சிக்னல் கிடையாது. ராத்திரி எட்டு மணிக்குச் செயற்கைக்கோள் கருவியில் தங்கச்சிக்கு ஒரு வரி அனுப்புகிறேன். மறுநாள் காலை பத்து மணி வரை வரவில்லை என்றால் அவள் கவுண்டி ஷெரிஃபை, அதாவது இந்த மாவட்டத்துப் போலீஸ் அதிகாரியைக் கூப்பிட வேண்டும், இடத்தின் வரைபடம் அவளிடம் இருக்கிறது. தனியாக வரும் பெண்கள் எல்லோருக்கும் சொல்கிறேன், இந்த ஏற்பாடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அப்புறம் கக்கூஸ். வெட்கப்படாமல் பேச வேண்டிய விஷயம். காட்டில் என்றால் தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி ஆறு எட்டு அங்குலக் குழி தோண்டி மூடலாம். இந்தத் தரையில் அது ஆகாது. புதைத்தது மக்காது. மூடி போட்ட வாளி, உள்ளே பொடி போட்ட பை. அந்தப் பொடி எல்லாவற்றையும் கட்டியாக்கிவிடும், வாடை வராது. கட்டி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும். மூன்று நாளுக்கு மூன்று பை, காரின் பின்னால் ஒரு டப்பாவில் இருக்கிறது.

நெருப்பு நான் போடுவதில்லை. இந்தக் களியில் நெருப்பு எரிந்த இடம் செங்கல்லாகச் சுட்டுப்போகிறது. இதைப் பாருங்கள், யாரோ சரக்கு அடுக்கும் மரப்பலகைத் தட்டுகளைக் கொளுத்திய சாம்பல் வட்டம். கயிற்றில் ஒரு காந்தம் கட்டி வைத்திருக்கிறேன். சாம்பலில் மெதுவாக இழுக்கிறேன்... சத்தம் கேட்கிறதா? ஆணி. துரு ஏறி, வளைந்து, முனை மட்டும் கூராக. நேற்று சாயங்காலம் இந்த ஒரு வட்டத்தில் 31 எடுத்தேன், இப்போது இன்னும் நாலு. அடுத்து வருகிறவரின் டயரில் ஒன்று ஏறினால் போதும். இழுத்து வரும் வண்டிக்கு அவர் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும்!

இருட்டிவிட்டது. பேசாமல் ஒரு நிமிஷம் கேமராவை மேலே காட்டுகிறேன். அமாவாசையை ஒட்டிய ராத்திரி. பால்வெளி தெற்கே தரையிலிருந்தே எழும்புகிறது. அந்த ஊளை நரியைப் போலவே கேட்கிறது, அது கயோட்டி என்ற காட்டு நாய். தூரத்தில்தான் இருக்கிறது.

காலை வணக்கம். வெயில் முதலில் மலை உச்சியில் பட்டு ரோஜா நிறமாகி, பிறகு படிப்படியாகக் கீழே இறங்கியது. இப்போது தரைக்கு வந்துவிட்டது. இந்தச் சாய்ந்த வெயில் இருக்கும்போதே இடத்தைச் சுற்றி ஒரு நடை நடக்க வேண்டும். சின்னப் பொருளுக்கும் நீள நிழல் விழும், எதுவும் தப்பாது. அதோ ஒரு நிழல். கடலைத் தோல், என்னுடையதுதான். இந்தப் பக்கம் முடிந்தது, இன்னும் காருக்கு அடியில் பார்க்கவில்லை. கேமராவை வைத்துவிட்டுக் குனிகிறேன்.